செவலையின் கழுத்து நாடி

இரத்தம் தானாகவே ஏறி வந்தது. ஜுமானா சிறிஞ்சின் தண்டைப் பின்னுக்கு இழுக்க விரலை வைத்தாள், அவ்வளவுதான். அதற்குள் செவலைப் பசுவின் கழுத்திலிருந்து இரத்தம் மயக்க மருந்துக்குள் புகுந்து, தண்டை அவளுடைய பெருவிரலுக்கு எதிராக ஒரு தட்டுத் தட்டியது. இதயத்துக்குத் திரும்பிப் போகும் நாளத்து இரத்தம் அப்படித் தட்டாது. அது கறுப்பாக, சோம்பலாக, இழுத்தால்தான் வரும். தட்டிக்கொண்டு வருவது நாடி, அதுவும் இதயத்திலிருந்து நேரே தலைக்குப் போகும் நாடி. மிருக வைத்தியம் படித்த எவருக்கும் தெரிந்த இந்த விஷயம் ஜுமானாவின் மூளையிலிருந்து கைக்கு வந்து சேர்வதற்குள், பெருவிரல் தன் வேலையை முடித்திருந்தது. மருந்து முழுவதும் உள்ளே போய்விட்டது.

அவசரம்தான் காரணம் என்று அவள் பிறகு தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவசரப்படச் சொல்லி அவளை யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. பசுவின் சொந்தக்காரர் ஜெமீல் நானா வெள்ளைச் சேட்டும் தொப்பியுமாக வாசலில் நின்று நேரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தது உண்மை.

“டொக்டர், பள்ளியில குத்பா துவங்கப் போகுது. நான் நிண்டா நல்லமா, போனா நல்லமா?”

“நீங்க போங்க நானா. மாட்டக் கட்டித் தந்தாக் காணும். ஊசி போட்டுப் பத்து நிமிசத்துல அது தலையத் தொங்கப் போட்டுடும். கால்ல கிடக்கிற நூல வெட்டி எடுக்க எனக்கு ஒரு கை போதும்.”

“மனிசியும் கிண்ணியாவுக்குப் போயிட்டா. ஊட்ட ஒருத்தருமில்ல.”

“மாட்டுக்குப் பயந்த மாட்டு டொக்டரா நான்? கதவ மட்டும் சாத்திட்டுப் போங்க. மத்ததுகள் வெளிய பாய்ஞ்சிடும்.”

அவர் சிரித்துக்கொண்டே செவலையின் கயிற்றைச் சுவர் வளையத்தில் கட்டிவிட்டுப் போனார். கட்டியதில்தான் பிழை. கொம்புக்குப் பயந்து மிகவும் குறுக்கிக் கட்டிவிட்டார். தலை சுவரோடு ஒட்டி, கழுத்தின் மேற்பாகம் வளைந்து மடிந்திருந்தது. ஊசி குத்த வேண்டிய இடம் அந்த மேற்பாகம்தான். அங்கே நாளத்துக்கும் நாடிக்கும் நடுவில் ஒரு தசை காவல் நிற்கும். கீழே போகப் போக அந்தக் காவல் இல்லை. ஜுமானா கயிற்றை அவிழ்த்து நீட்டிக் கட்டச் சோம்பல்பட்டுக் கீழே குத்தினாள். முதலில் வெறும் ஊசியைக் குத்தி, வரும் இரத்தத்தின் நிறம் பார்த்து, அதன் பிறகே சிறிஞ்சைப் பூட்ட வேண்டும் என்ற பாடத்தையும், துள்ளுகிற மாட்டுக்கு இது சரிவராது என்று தள்ளிவிட்டாள்.

அந்த அறை ஜெமீல் நானாவின் வீட்டுக்குப் பின்னால், உட்துறைமுகத்தின் கரையோடு ஒட்டி நிற்கிற வெள்ளைக்காரன் காலத்துக் கல்கொட்டில். எதை அடைத்து வைக்கக் கட்டினார்களோ தெரியாது, சுவர் இரண்டு முழத் தடிப்பு. ஒரே ஒரு கதவு, உள்நோக்கித் திறப்பது. பக்கச் சுவரில் தலைக்கு மேலே இரும்புக் கம்பி போட்ட சின்ன ஜன்னல். கதவுக்கு எதிர்ச்சுவர் துறைமுகப் பக்கம். அதற்கு அப்பால் தண்ணீர் கல்லில் சளப் சளப்பென்று அடிப்பது உள்ளே கேட்கும். சாணமும் மூத்திரமும் உப்பும் எங்கோ நிற்கிற கப்பலின் டீசல் மணமும் கலந்து நடுப்பகல் வெக்கையில் அங்கே நொதித்துக் கிடந்தன. தெருவில் அலைகிற மாடுகளைப் பிடிக்க அந்தக் கிழமை முழுக்க நகரசபை லொறி ஓடிக்கொண்டிருந்ததால், ஜெமீல் நானா தன் மூன்று பசுக்களையும் ஒரு தாய் ஆட்டையும் பகலிலேயே உள்ளே அடைத்திருந்தார். அதற்கு முன் கடற்கரையில் மேயப்போன செவலையின் பின்னங்காலில் மீன்வலை நூல் சுற்றி இறைச்சிக்குள் இறங்கியிருந்தது. ஜுமானா வந்த காரியம் அது ஒன்றுதான்.

மருந்து போய் மூன்று வினாடி இருக்கும். செவலையின் கண் மேலே ஏறி வெள்ளை மட்டும் தெரிந்தது. கழுத்து பின்னுக்கு வளைந்தது. நான்கு கால்களும் ஒன்றாக நிலத்தைவிட்டு எழும்பின. கயிறு அறுந்தது. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு பாய்ச்சலில் அறையைக் கடந்து, கதவின் மேல் சாய்ந்து, கதவோடு உரசிக்கொண்டே பக்கவாட்டில் விழுந்தது. சிறிது நேரம் கால்கள் காற்றில் ஓடின. பிறகு நின்றன. இத்தனைக்கும் அந்தப் பசு ஒருதரம்கூடக் கத்தவில்லை.

முதலில் தன் கைகளைப் பார்த்தாள். ஊசி அவளுக்குக் குத்தவில்லை. திருப்பித் திருப்பி இரண்டு தரம் பார்த்தாள், ஒரு கீறல்கூட இல்லை. பிறகு முழங்காலில் உட்கார்ந்து செவலையின் முன்னங்காலுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். இடத்தை மாற்றி வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. மணிக்கூட்டைப் பார்த்து முழுதாக இரண்டு நிமிடம் கேட்டாள். மூச்சும் இல்லை, இதயமும் இல்லை. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம்; ஆளுக்காள் “பொம்பிளை டொக்டர்” என்று கொஞ்சம் நக்கலாகப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில், பால் கறக்கிற பசுவை ஒரு நூலுக்காகக் கொன்றுவிட்டாள்.

வெட்கம் அவளைத் தின்றது. அந்த வெட்கத்தால்தான் அவள் யாரையும் கூப்பிடவில்லை. கதவைத் திறக்க ஏலாது என்பது அடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது. முந்நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு அதன் அடியில் கிடந்தது, தோளைக் கொடுத்துத் தள்ளியும் காலைப் பிடித்து இழுத்தும் ஒரு விரற்கடை நகரவில்லை. தொலைபேசி வெளியே நிற்கிற அவளுடைய ஸ்கூட்டியின் பெட்டிக்குள். போன மாதம் ஒரு கன்று மிதித்துத் திரையை உடைத்ததிலிருந்து அதை அங்கேதான் வைப்பாள். அந்த நேரம் ஒழுங்கையில் மீன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார். ஒரு சத்தம் போட்டிருந்தால் வந்திருப்பார். வந்தால் ஊர் முழுக்கச் சொல்லியும் இருப்பார். ஜெமீல் நானா தனியாக வரட்டும், அவரிடம் தனியாகச் சொல்லலாம் என்று ஜுமானா வாயை மூடிக்கொண்டு நின்றாள், ஹோர்ன் சத்தம் தேய்ந்து போயிற்று.

சற்றுக் கழித்துப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கம் கேட்கத் தொடங்கியது. தெருவில் ஒரு செருப்புச் சத்தம் இல்லை. அப்போதுதான் அறைக்குள் இருந்த ஒரு சத்தம் நின்றுபோனதை உணர்ந்தாள். அசைபோடும் சத்தம். வந்ததிலிருந்து அது கேட்டுக்கொண்டே இருந்தது, கேட்பது தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது இல்லை.

கறுப்பிப் பசு வாயில் பாதி வைக்கோலோடு நின்றது. மெல்லத் துறைமுகப் பக்கச் சுவரை நோக்கித் திரும்பியது. கயிறு விட்ட தூரத்துக்கு நடந்துபோய், நெற்றியைக் கல்லில் வைத்தது. முட்டவில்லை, வைத்தது. வைத்துவிட்டு அழுத்தியது. பின்னங்கால்கள் சாணத்தில் வழுக்கி வழுக்கி ஊன்றிக்கொண்டன.

மூளையில் நோய் கண்ட மாடு அப்படிச் செய்யும். சுவரைக் கண்டால் தலையை வைத்து, சுவர் வழிவிடும் என்பதுபோலத் தள்ளிக்கொண்டே நிற்கும். ஜுமானா அதைப் பலதரம் பார்த்திருக்கிறாள். ஆனால் ஊசி போட்டது செவலைக்கு. கறுப்பியின் கிட்டவும் அவள் போகவில்லை.

“கறுப்பி,” என்றாள். “ஏய், கறுப்பி. இஞ்ச பாரு.”

பார்த்தது வெள்ளைப் பசு. பார்த்துவிட்டு அதுவும் திரும்பியது. அதுவும் போய், கறுப்பிக்குப் பக்கத்தில், நெற்றியைக் கல்லில் வைத்தது. மூலையில் கட்டிக் கிடந்த ஆடு எழும்பிக் கயிற்றை இழுத்து, கழுத்து இறுக இறுக நடந்து, தன் சின்ன நெற்றியை அதே சுவரில் பொருத்தியது. மூன்றும் ஒன்றாக மூச்சுவிட்டன. ஒன்றாக இழுத்தன. ஒன்றாக விட்டன.

ஜுமானாவுக்குப் பயம் வந்தது, இப்போது ஒளிக்காமல் வந்தது. வாயைத் திறந்து கத்தினாள். “ஆராவது இரிக்கிங்களா? ஜெமீல் நானா! இஞ்ச வாங்க, கதவு மாட்டிக்கிட்டு!” கல்லும் ஒலிபெருக்கியும் அவள் குரலை நடுவில் போட்டு விழுங்கின. ஒழுங்கையில் ஒரு நாய் மட்டும் பதிலுக்குக் குரைத்தது. அந்த நேரத்தில் அந்தக் குரைப்பு ஒரு மனிதர் பேசியதுபோல அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

எதையாவது செய்யாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மறுபடி செவலையிடம் குனிந்தாள். செத்ததை உறுதிப்படுத்தக் கழுத்துப் பள்ளத்தில், தான் குத்திய அதே இடத்தில், இரண்டு விரலை வைத்தாள். நாடி அடித்தது.

ஸ்டெதஸ்கோப்பை எடுத்து இதயத்தில் வைத்தாள். அமைதி. விரலைக் கழுத்தில் வைத்தாள். அடித்தது, நிதானமாக, பலமாக. இதயம் தள்ளாமல் எந்த நாடி அடிக்கும்? படித்த கையல்லவா, அது தானாகவே அடுத்த சோதனையைச் செய்தது. பெருவிரலால் நாடியை நடுவில் அமுக்கிப் பிடித்து, இதயப் பக்கத்தில் ஒரு விரலும் தலைப் பக்கத்தில் ஒரு விரலும் வைத்துப் பார்த்தாள். அமுக்கினால் தலைப் பக்கம் நிற்க வேண்டும்.

நின்றது இதயப் பக்கம். தலைப் பக்கம் அடித்துக்கொண்டே இருந்தது.

தலையிலிருந்து எதுவோ கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு பின்வாங்கினாள். யோசி, யோசி என்று தனக்குச் சொன்னாள். மாட்டின் மூளைக்கு இரத்தம் நேர்வழியில் போவதில்லை. மண்டையின் அடியில் நாடி நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்களாகப் பிரிந்து, வலைபோலப் பின்னி, மறுபடி ஒன்றுசேர்ந்துதான் மூளைக்குள் நுழையும். பல்கலைக்கழகத்தில் ஒரு போத்தலுக்குள் அந்த வலையை வைத்திருந்தார்கள், சிவப்புச் சாயம் ஏற்றி, உள்ளங்கை அளவில். ஆட்டுக்கும் அந்த வலை உண்டு. பூனைக்கும் உண்டு. அவள் அதை நினைத்து முடிக்கவில்லை, ஜன்னலில் ஏதோ அசைந்தது. வீட்டுச் சாம்பல் பூனை கம்பிக்கு வெளியே வந்து நின்றிருந்தது. அவளைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் கல்லின் துறைமுகப் பக்க விளிம்பில் நெற்றியை வைத்து, முதுகைக் கூனி, அழுத்தத் தொடங்கியது.

வலை உள்ளதுகள் மட்டும். அதுதான் கணக்கு. நாய்க்கு அந்த வலை இல்லை. குதிரைக்கு இல்லை. மனிதருக்கு இல்லை. வெளியே நாய் இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது, சுத்தமான, கோபமான, பைத்தியமில்லாத குரைப்பு.

“எனக்கிட்ட அது இல்ல,” என்று சத்தமாகச் சொன்னாள். “அந்த நாய்க்கிட்டயும் இல்ல.”

நாய் குரைக்கும்வரை தனக்கு ஒன்றும் ஆகாது. அப்படி ஒரு முடிவுக்கு வந்ததும் நாயை விட அவளுக்கு மனமில்லை. கதவிடுக்கில் வாயை வைத்து, உதட்டைக் குவித்துச் சத்தமிட்டுக் கூப்பிட்டாள். “வா, வா. இஞ்ச வா.” நாய் வேலியைத் தாண்டி வருவது கேட்டது. முற்றத்து மணலில் நகம் உரசுவது கேட்டது. கதவுக்கு மறுபக்கத்தில் வந்து நின்று குரைத்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “ஓம், ஓம். குரை. நல்லாக் குரை.”

காலடியில் ஏதோ இழுபட்டது.

செவலையின் உடம்பு கிடந்த இடத்திலேயே கிடந்தது. தலை மட்டும் நகர்ந்திருந்தது. கழுத்து நீண்டு, தாடை சாணத்தில் ஒரு கோடு கீறியபடி, நெற்றி துறைமுகச் சுவரின் திசைக்குத் திரும்பியிருந்தது. கண் திறந்தே கிடந்தது, அதில் ஈ உட்கார்ந்திருந்தது, இமை அசையவில்லை. தலை இன்னொரு விரற்கடை நகர்ந்தது. தோல் இழுபட்டுக் கழுத்து மெலிந்தது.

ஓதினால் தீங்கு அண்டாது என்கிற ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதத் தொடங்கினாள். குழந்தையிலிருந்து ஓதுவது. பாதியில் வரி வரவில்லை. முதலிலிருந்து தொடங்கினாள், அதே இடத்தில் மறந்தது.

அப்போது நாய் நின்றது.

ஒரு குரைப்பின் நடுவில், யாரோ வாயைப் பொத்தியதுபோல. ஜுமானா மூச்சைப் பிடித்துக் கேட்டாள். மணலில் நான்கு கால்கள் இடம் மாற்றி நின்றன. பிறகு கதவில் ஒரு மெத்தென்ற தட்டு. அவளுடைய முழங்கால் உயரத்தில். தட்டிவிட்டு விலகவில்லை. பலகை முனகியது. நாய் கதவைத் தள்ளியது, உள்ளே, சுவரை நோக்கி, தண்ணீரை நோக்கி.

நாய்க்கு வலை இல்லை.

அவள் தன் கழுத்தைத் தொட்டாள். தாடைக்குக் கீழே. நாடி அடித்தது. அடிக்கத்தானே வேண்டும், பயத்தில் வேகமாக அடிக்க வேண்டும். வேகமாக இல்லை. நிதானமாக அடித்தது, செவலையுடையதைப் போல. பெருவிரலால் அமுக்கினாள். கீழே ஒரு விரல். மேலே ஒரு விரல்.

செய்யாதே, என்று நினைத்தாள். செய்து பார்த்தாள்.

கீழே நின்றது. மேலே அடித்தது.

மறுபக்கக் கழுத்தையும் பார்த்தாள். கீழே நின்றது. மேலே அடித்தது.

வலி ஒன்றும் இல்லை. தலைக்குள் ஒரு சூடு, அவ்வளவுதான், ஒரு கை உள்ளிருந்து நெற்றியைத் தடவுவதுபோல. முகம் தானாகத் துறைமுகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. அவள் திருப்பவில்லை. திருப்பி வைத்தாள். மறுபடி திரும்பியது. செவலையைக் கட்டியிருந்த இரும்பு வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கால் நடந்தது. கை நீண்டது. வளையத்தை விடாதே. இடதுகை விட்டது. வலதுகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்னவிரல் விட்டது. அடுத்த விரல். அடுத்தது.

கால்கள் ஆறு எட்டு வைத்தன.

கல் குளிர்ந்திருந்தது. அவள் நெற்றிக்குச் சரியாக வெள்ளைப் பசுவுக்கும் ஆட்டுக்கும் நடுவில் இடம் இருந்தது. கால் பெருவிரல்கள் சாணத்தில் ஊன்றிக்கொண்டன. மூச்சு ஒன்றாகப் போனது. ஒன்றாக வந்தது. எல்லாம் தெரிந்தது அவளுக்கு, அதுதான் கொடுமை. நினைக்க முடிந்தது. பயப்பட முடிந்தது. விரலை அசைக்க முடியவில்லை.

ஒலிபெருக்கி எப்போது நின்றதோ. ஒழுங்கையில் செருப்புச் சத்தங்கள். பேச்சு. யாரோ சிரித்தார்கள். படலை திறந்தது.

“டொக்டர்? முடிஞ்சிதா?”

ஜெமீல் நானா. நல்ல மனிதர். தனியாகத்தான் வந்தார், அவள் விரும்பியபடி.

வராதீங்க நானா, என்று சொல்லப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. போங்க. ஓடுங்க. இந்த இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம். இருக்கிற பலம் எல்லாவற்றையும் நாக்கில் சேர்த்தாள். நாக்கு பல்லைத் தொட்டது. மூச்சு வெளியே போனது, பசுக்களோடும் ஆட்டோடும் சேர்ந்து, ஒரே நீளமான மூச்சாக.

“ஆர்ர நாய் இது? ச்சீ, போ. டேய், போ எண்டுறன்.”

நாய் போகவில்லை.

“டொக்டர்? ஏன் பேசாம இரிக்கிங்க? கதவத் திறக்க ஏலாம இரிக்கி.”

கதவு ஒருதரம் குலுங்கியது. இரண்டாம் தரம் குலுங்கியது.

“டொக்ட…”

மணலில் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. தண்ணீர் சுவருக்கு அப்பால் சளப்பென்று அடித்தது. பிறகு கதவில் அந்த மெத்தென்ற தட்டு, இம்முறை மேலே, ஓர் ஆளின் நெற்றி உயரத்தில்.